கடற்கரை ஊரில் கீழே பிரீசர் உள்ள பிரிட்ஜ் வாங்கலாமா? 2017 முதல் பாவிப்பவரின் பதில்

கீழ்ப்பகுதியில் பிரீசர் அமைந்த குளிர்சாதனப் பெட்டி கடலோர ஊருக்குப் பொருந்துமா, அதைப் பராமரிப்பது பெரிய தொல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் 2017 முதல் அப்படியொரு பெட்டியைத்தான் பாவித்து வருகிறோம். பொருந்தும் என்பதே என் பதில். ஆனால் மேலே பிரீசர் உள்ள பழைய வகையை வைத்திருந்த பழக்கத்தில் இதையும் வைத்திருந்தால் இரண்டாம் மூன்றாம் வருடத்திலேயே தொல்லை கொடுக்கும், எங்களுக்குக் கொடுத்தது.

இதை வாங்கியதற்குக் காரணம் மாமியின் முழங்கால். பழைய பெட்டியில் மரக்கறித் தட்டு அடியில் இருந்ததால், ஒரு கத்தரிக்காய் எடுக்கவும் அவர் குந்தி எழும்ப வேண்டியிருந்தது. சமையல் நாளில் நாம் இருபது தடவை திறப்பது பாலுக்கும் மரக்கறிக்கும் அரைத்த மாவுக்குமான பகுதியையே அன்றிப் பிரீசரை அல்ல என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பகுதி இடுப்புக்கு மேலே இருப்பதுதான் நியாயம். பிரீசருக்காக நாளில் இரண்டு மூன்று தடவை குனிவதில் யாருக்கும் பெரிய நோவில்லை. மின்சாரம் மட்டும் அதே கொள்ளளவுள்ள, மேலே பிரீசர் வைத்த பெட்டியைவிடப் பொதுவாகச் சற்றுக் கூடுதலாகச் செல்லும். அதைத் தெரிந்துகொண்டே வாங்கினோம்.

இந்த வகைப் பெட்டியில் ஒரு விடயத்தை விளங்கிக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாக விளங்கும். பெரும்பாலான பெட்டிகளில் குளிர் உண்டாவது ஒரே இடத்தில், அதாவது கீழேயுள்ள பிரீசரின் பின்சுவருக்குப் பின்னால் இருக்கும் குளிர்ச்சுருளில். குளிர்ந்த காற்று கனமானது, தானாக மேலே ஏறாது. ஆகவே சுருளுக்கு அருகில் உள்ள ஒரு சிறிய மின்விசிறி அதைப் பின்பக்கக் குழாய்வழியாக மேல் அறைக்குத் தள்ளுகிறது. மேல் அறைக்குப் போதுமான குளிர் சேர்ந்ததும், குழாயின் வாயிலுள்ள சின்னக் கதவொன்று மூடிக்கொள்கிறது. எனவே விசிறி நின்றாலோ, காற்றுப் போகும் வழி அடைபட்டாலோ கீழே இருப்பவை கல்லாகவே இருக்க, மேலே இருப்பவை கெடத் தொடங்கும்.

எங்களுக்கு நடந்தது அதுதான். 2019ஆம் ஆண்டு, கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த ஒரு கிழமையில், இரவு வைத்த பால் காலையில் திரிந்திருந்தது. பிரீசரில் மீன் கல்லுப்போல இருந்ததால் பெட்டியில் பழுது இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெக்கையின் வேலை என்று எண்ணி, குளிரைக் கூட்டும் குமிழை இன்னும் இரண்டு எண் திருப்பிவிட்டேன். மறுநாளும் பால் திரிந்தது. முதலில் வந்து பார்த்தவர் காஸ் முடிந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்றார். காஸ் முடிந்திருந்தால் கீழே மீன் எப்படி உறைந்திருக்கும் என்று மாமி கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. இரண்டாவதாக மனையாவெளியில் இருந்து வந்த தம்பி, பிளக்கைக் கழற்றிவிட்டுப் பிரீசர் இழுப்பறைகளை வெளியில் எடுத்து, பின்சுவரின் பிளாஸ்டிக் பலகையை நான்கு ஆணி கழற்றித் திறந்தார். உள்ளே சுருள் என்று ஒன்று தெரியவேயில்லை. தரையில் இருந்து விசிறியின் இதழ்வரை ஒரே வெள்ளைச் சுவராக ஐஸ் ஏறியிருந்தது. "காஸ் குறையேல்லை டீச்சர், தண்ணி போற ஓட்டைதான் அடைச்சுப்போய்க் கிடக்கு" என்றார்.

அந்த ஓட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உறைபனி படியாத பெட்டி என்று விற்கப்படும் இவற்றில் உண்மையில் உறைபனி படியாமல் இல்லை. சுருளில் படிகிறது, அதைச் சுருளின் அடியில் உள்ள வெப்பக்கம்பி அவ்வப்போது சூடாகி உருக்குகிறது. கொம்பிரசர் ஓடிய நேரத்தைக் கணக்கிட்டுப் பெட்டி தானே இதைச் செய்துகொள்கிறது. உருகிய நீர் சுருளுக்கு அடியில் உள்ள தகரத் தாழியில் விழுந்து, நடுவிலுள்ள ஓட்டைவழியாக இறங்கி, கொம்பிரசருக்கு மேலுள்ள தட்டில் சேர்ந்து, அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும். மேலே பிரீசர் உள்ள பெட்டியிலும் இதே ஏற்பாடுதான். இந்த வகையிலோ ஓட்டையே பெட்டியின் மிகத் தாழ்ந்த, மிகக் குளிர்ந்த மூலையில் இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் குழாய் சாண் அளவுக்கும் குறைவு. வெளிச்சூடு உள்ளே ஏறாமல் இருக்க அதன் நுனியில் தாரா மூக்குப் போல வாய் ஒட்டிய ஒரு றப்பர் அடைப்பானை மாட்டியிருப்பார்கள். தூசியும் பாசியும் சேர்ந்து அந்த வாய் ஒட்டிக்கொண்டால் நீர் குழாயில் தேங்கும், தேங்கியது உறையும், அடுத்த தடவை உருகும் நீர் போக இடமின்றித் தாழியிலேயே உறையும். அப்படியே நாளுக்கு நாள் உயர்ந்து, ஒருநாள் விசிறியை எட்டிப் பிடிக்கும்.

பெட்டி அதற்கு முன்பே எனக்கு அறிவித்திருந்தது. இரண்டு மாதமாக அடி இழுப்பறை இறுகி, இழுத்தால் கறகறவென்று ஓசை கேட்டது; அதன் கீழே தரையில் கண்ணாடிபோல ஒரு ஐஸ் தகடு படிந்திருந்தது. நான் அதை மரக்கரண்டியால் தட்டித் தட்டி உடைத்து வெளியே எறிந்துகொண்டிருந்தேன். அந்தத் தகடுதான் தாழி நிரம்பி வழிந்த நீர். உங்கள் பெட்டியின் பிரீசர் அடித்தளத்தில் ஐஸ் தகடோ, முன் விளிம்பில் காரணமில்லாமல் ஈரமோ கண்டால், பால் திரியும்வரை காத்திராதீர்கள்.

உருக்குவதற்கு அன்று ஒரு முழுப் பகல் பிடித்தது. இரண்டு கதவையும் திறந்துவைத்து, பிரீசருக்குள் ஒரு சட்டி சுடுநீரை வைத்து, ஆறியதும் மாற்றி, பழைய துவாய்களால் நீரை ஒற்றிக்கொண்டே இருந்தோம். கத்தியோ ஊசியோ கொண்டு குத்த அந்தத் தம்பி விடவில்லை. இப்போது வரும் பல பெட்டிகளில் ஓடுவது ஆர்600ஏ என்ற, தீப்பற்றக்கூடிய வாயு (உங்கள் பெட்டியின் பின்பக்க ஒட்டுத்தாளில் எழுதியிருக்கும்). சுருளில் ஓர் ஓட்டை விழுந்தால் பணமும் போகும், ஆபத்தும் சேரும். ஐஸ் முழுதும் கரைந்த பிறகு, மருந்தேற்றும் பெரிய சிரிஞ்சில் வெந்நீர் எடுத்து ஓட்டைக்குள் அடித்தார். மூன்றாவது தடவை அடைப்பு விட்டுப்போய், கீழே தட்டில் சளசளவென்று தண்ணீர் விழும் ஓசை கேட்டது. பிறகு பின்பக்கக் கீழ்த் தகட்டைக் கழற்றி அந்த றப்பர் மூக்கைச் சவர்க்காரத்தில் கழுவி மாட்டினார். கடைசியாக ஒரு சாண் நீளத் தடித்த செம்புக் கம்பியை எடுத்து, ஒரு நுனியை வெப்பக்கம்பியில் கொழுவி, மறு நுனியை ஓட்டைக்குள் தொங்கவிட்டார். வெப்பக்கம்பி சூடாகும்போதெல்லாம் செம்பு அந்தச் சூட்டை ஓட்டைக்குள் கொண்டுபோகும். ஐந்து ரூபாய்ச் சாமானில் செய்த அந்த வேலைக்குப் பிறகு ஒரு தடவைகூட ஓட்டை உறையவில்லை.

அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, பின்பக்கக் கீழ்த் தகட்டைத் திறந்து, றப்பர் மூக்கையும் கொம்பிரசரைச் சுற்றியுள்ள தூசியையும் துப்புரவு செய்கிறோம். உள்ளே பின்சுவரைத் திறக்கும் வேலையை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். வெப்பக்கம்பிக்கு 230 வோல்ட் மின்சாரம் போகிறது.

அடுத்த எதிரி ஈரம். மார்கழியில் வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் நாட்களில் சமையலறைக் காற்றே பிழிந்தால் நீர் சொட்டும் போலிருக்கும். கதவு றப்பர் சரியாக ஒட்டாவிட்டால் அந்த ஈரம் முழுவதும் சுருளில் போய் உறைபனியாகிவிடும். மேல் கதவைத் திறக்கும்போது விழும் பருக்கை, கறிவேப்பிலை, மீன் கழுவிய கையில் இருந்து சொட்டும் நீர் எல்லாம் கீழ்க்கதவின் மேல் விளிம்பு றப்பரில்தான் தங்குகின்றன. இது இந்த வகைக்கே உரிய குறை. அந்த மடிப்புக்குள் எறும்பு ஊர்வதைக் கண்ட பிறகுதான் நான் கவனித்தேன். கிழமைக்கு ஒருமுறை இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் கலந்து, துணி சுற்றிய விரலால் மடிப்புக்குள் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றிவிட்டால் போதும். றப்பர் பிடிக்கிறதா என்று அறிய ஒரு நூறு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்றுப் போகிறது. பெட்டியின் முன்கால்களைச் சற்று உயர்த்தி, பாதி திறந்த கதவு தானாக மூடும்படி பின்சாய்வாக வைப்பதும் உதவும்.

உப்புக் காற்றைத் தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம். வீட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் பழக்கம் நமக்கு இருப்பதால் துரு முதலில் பிடிப்பது கால்களையும் கீழ்க்கதவின் பிணைச்சலையும்தான். எங்கள் பெட்டி நான்கு அங்குல உயரத் தேக்கு மரப் பீடத்தில் நிற்கிறது. வெப்பம் வெளியேறும் குழாய்கள் பக்கச் சுவருக்குள் பதிக்கப்பட்டிருந்தால் பக்கங்கள் தொடுவதற்குச் சூடாக இருக்கும். அது பழுதல்ல, ஆனால் அலுமாரியோடு ஒட்டி வைத்தால் பழுதாகும்.

மீனைப் பற்றிச் சொல்லாமல் திருகோணமலைக்காரி இந்தப் பதிலை முடிக்க முடியாது. ஞாயிறு காலையில் ஒரு முழு அறக்குளாவை வெட்டிக் கழுவி, ஐந்து கிலோவையும் ஒரேயடியாகப் பிரீசரில் திணித்தால், ஒரே சுருள் இரண்டு அறைக்கும் உழைப்பதால் மேலறையும் சேர்ந்து சூடாகும். நான் ஒரு நேரக் கறிக்கு வேண்டிய அளவாகப் பைகளில் பிரித்து, தட்டையாக அமர்த்தி, முதலில் மேலறையில் இரண்டு மணிநேரம் ஆறவைத்து, பிறகு மேல் இழுப்பறையில் ஒற்றை அடுக்காகப் பரப்பிவிடுவேன். உறைந்த பிறகே அடி இழுப்பறையில் அடுக்குவது. பின்சுவரிலுள்ள காற்றுத் துளைகளைப் பைகள் மூடக்கூடாது. பிரீசர் பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியசிலும் மேலறை 4 பாகையிலும் நின்றால் போதும், அதற்குமேல் குளிரைக் கூட்டுவது மின்கட்டணத்துக்கு மட்டுமே.

மின்வெட்டில் இந்த வகைக்கு ஒரு நன்மை உண்டு. கனத்த குளிர்காற்று இழுப்பறைகளுக்குள்ளேயே தங்கிவிடுவதால், கதவைத் திறக்காதவரை கீழே நன்றாகத் தாங்கும். நிறைந்த பிரீசர் ஏறத்தாழ 48 மணிநேரமும், பாதி நிறைந்தது 24 மணிநேரமும் தாங்கும். மேலறைக்கு 4 மணிநேரம்தான் கணக்கு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவி புயல் எங்களுக்கு வடக்கே கரைகடந்தபோது, வெள்ளம் கொம்பிரசரைத் தொடாதபடி பீடத்துக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தி, வெற்றிடங்களை எல்லாம் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பிவைத்தோம். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் இல்லாத நாட்களிலும் அந்த உறைந்த போத்தல்களே காத்தன. ஊருக்குப் போகும்போது ஒரு கோப்பை நீரை உறையவைத்து அதன்மேல் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்துவிட்டுப் போவேன். திரும்பிவந்து பார்க்கும்போது குற்றி அடியில் கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள், மீனை யோசிக்காமல் கொட்டிவிடுவேன். மின்சாரம் திரும்பியவுடன் மின்னழுத்தம் ஏறி இறங்கும். ஐந்து நிமிடம் தாமதித்து இணைக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள்.

வாங்கும்போது நிறத்தையும் கைப்பிடியையும் பார்க்கும் முன், உள்பக்க ஒட்டுத்தாளில் காலநிலை வகுப்பைப் பாருங்கள். 'என்' (N) என்றிருந்தால் அது 32 பாகை வரையான வெக்கைக்குச் செய்தது, 'எஸ்டி' (ST) 38 பாகைக்கு, 'டி' (T) 43 பாகைக்கு. கச்சான் காலத்தில் நம் சமையலறைகள் எவ்வளவு கொதிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், 'டி' உள்ளதையே கேளுங்கள். கீழே கதவு திறந்து உள்ளே தனித்தனி இழுப்பறைகள் இருக்கும் வகையையே நான் விரும்புகிறேன். முழுப் பிரீசரும் ஒரே பெரிய இழுப்பறையாக வெளியே வருவதில் அடியில் போன பை ஆறு மாதம் கண்ணில் படாது.

இந்த வகை யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். சல்லிக் கிராமத்தில் இருக்கும் என் தங்கை வீட்டில் கிழமைக்குப் பத்துக் கிலோ மீனும் இறாலும் சேரும், பிரீசரை நாள் முழுவதும் திறப்பார்கள். அவளுக்கு நான் இதைச் சொல்லவில்லை. மேலே மூடி திறக்கும் தனிப் பிரீசர் ஒன்றும், பாலுக்கும் மரக்கறிக்கும் சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கச் சொன்னேன். வாங்கினாள், இப்போது எங்கள் வீட்டுப் பிரீசரில் இடம் இல்லாதபோது எங்கள் மீனும் அங்கேதான் போகிறது.