மேட்டூர் தண்ணீர் தள்ளிப்போனால் சம்பாவுக்கு என்ன செய்வது?

கேள்வி: அணை ஜூன் 12இல் திறக்கவில்லை. கடைமடையில் (வாய்க்காலின் கடைசிப் பகுதியில்) போர்வெல் இல்லாத 3 ஏக்கர். காத்திருக்கும் நாளில் என்ன செய்யலாம், எந்த ரகம் போடலாம்?

பதில்: சம்பாவுக்கு முன் போடும் குறுகிய கால நெல்லான குறுவையை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். 2024இல் அணை திறந்ததே ஜூலை 28. போர்வெல் இல்லாமல் குறுவையில் இறங்குவது விதைக்காசுக்கும் கேடு.

அணை மூடும் நாள் ஜனவரி 28. அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சி.ஆர். 1009 சப்-1 போல 155 நாள் ரகமென்றால் ஆகஸ்ட் 25க்குள் விதைக்க வேண்டும். அது தவறினால் ஏ.டி.டி. 46, டி.ஆர்.ஒய். 3 போன்ற 135 நாள் ரகம், செப்டம்பர் 15 வரை. அதற்குப் பிறகும் பழகிய ரகத்தையே போட்டால், பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் வறண்டு பதராகிவிடும்.

இப்போது மழை ஈரம் கிடைத்ததும் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதையுங்கள், ஏக்கருக்கு 20 கிலோ. 45ஆம் நாள், பூவெடுக்கும்போது மடக்கி உழுங்கள். விட்டுவைத்தால் தண்டு நாராகி லேசில் மட்காது.

ஆகஸ்டிலும் தண்ணீர் நிச்சயமில்லை என்றால் நாற்றங்காலை நம்பாமல் புழுதியில் நேரடி விதைப்புக்குப் போய்விடலாம். கடைமடைக்கு என் முதல் யோசனை இதுதான். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, கிலோ விதைக்கு 1 லிட்டர் கணக்கில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்துங்கள். முளைத்த பயிர் இடையில் வரும் வறட்சியைத் தாங்கும். நடவு அதிர்ச்சி இல்லாததால் அறுவடையும் ஒரு வாரம் முந்தும். களைதான் தொல்லை. முதல் 20 நாளில் எடுக்காவிட்டால் பயிரை அமுக்கிவிடும்.

ஏற்கெனவே நாற்று விட்டு, அது முற்றிவிட்டதா? ஒன்றைப் பிடுங்கி அடித்தண்டைத் தடவிப் பாருங்கள். கணு தட்டுப்பட்டால் முற்றல். பலரும் இதை ஈடுகட்ட ஐந்தாறு நாற்றைக் கொத்தாக நடுகிறார்கள். அது தவறு. கொத்தில் புதுத்தூர் வெடிக்காது, தாய்த்தண்டு மூன்று வாரத்திலேயே நோஞ்சான் கதிரைத் தள்ளிவிடும். குத்துக்கு ஒன்றிரண்டு நாற்று போதும். அடியுரத்தில் தழைச்சத்தை மட்டும் பாதி கூட்டுங்கள், மேலுரம் வழக்கம்போல.

தாமதச் சம்பா ஐப்பசி அடைமழையின்போது சாண் உயரம்தான் இருக்கும், தொடர்ந்து முங்கிக் கிடந்தால் அழுகத் தொடங்கும். அதனால் செப்டம்பர் முடிவதற்குள் வடிகாலைத் தூர்வாரிவிடுங்கள்.