திடீரென்று இறுகும் ஸ்டியரிங்: வாசகர் கேள்வி – பதில்

பழைய சிறிய கார் வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் (இ.பி.எஸ்.) பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

2012 மாடல் வேகன்ஆர் வைத்திருக்கிறேன். வீடு கடப்புறத்தில்தான். காலையில் எடுக்கும்போது ஸ்டியரிங் லேசாக இருக்கிறது. ஏ.சி. போட்டு, மார்க்கெட் பக்கம் மெதுவாக வளைக்கும்போது சட்டென்று இறுகி, இ.பி.எஸ். விளக்கு எரிகிறது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். ஸ்டியரிங் காலமையே (வீலோடு சேர்ந்த தண்டுத் தொகுதியையே) மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா? – வாசகர், குளச்சல்

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் முதலில் மின்சாரம் வரும் வழியைத்தான் காட்டுகின்றன. வேலை செய்துகொண்டிருக்கும் காலமைக் கழற்றி வைத்துவிட்டு, துருப்பிடித்த எர்த் போல்ட்டை (பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை வண்டியின் பாடியோடு இணைப்பதை) அப்படியே விட்டுவிடுவதுதான் இந்த விஷயத்தில் பணத்தை அதிகம் தின்னும் தவறு.

உங்கள் வண்டியில் ஸ்டியரிங் தண்டோடு ஒரு மோட்டார் பொருத்தப்பட்டிருக்கிறது. நீங்கள் வளைக்கும்போது தண்டுக்குள் இருக்கும் மெல்லிய முறுக்குக் கம்பி சற்றே முறுகும். எவ்வளவு முறுகியது என்பதை டார்க் சென்சார் அளந்து கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சொல்லும். யூனிட் வண்டியின் வேகத்தையும் பார்த்து மோட்டாருக்கு மின்சாரம் விடும். வேகம் குறையக் குறைய உதவி கூடும். நின்ற இடத்தில் முழுக்க வளைத்தால் இந்த மோட்டார் 30 முதல் 50 ஆம்பியர் வரை இழுக்கும். அதே நேரம் ஏ.சி., ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எல்லாம் ஓடினால், ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டரால் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவியால்) ஈடுகொடுக்க முடியாது. மீதியைப் பேட்டரிதான் தர வேண்டும். பேட்டரி தளர்ந்திருந்தாலோ வழியில் துரு இருந்தாலோ யூனிட்டுக்கு வந்து சேரும் மின்னழுத்தம் இறங்கும். 10 வோல்ட்டை ஒட்டி வந்தால் பெரும்பாலான யூனிட்கள் தங்களைக் காத்துக்கொள்ள உதவியை நிறுத்திவிடும். அணைத்துப் போட்டதும் சரியாவது இதனால்தான்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதி காலி. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அது குறைந்தால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள்.

இவை சரியாக இருந்தும் கோளாறு தொடர்ந்தால், வழியில் எவ்வளவு மின்னழுத்தம் தொலைகிறது என்று அளக்க வேண்டும். இந்தச் சோதனையைத்தான் பலரும் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், சிவப்பு முனையை இ.பி.எஸ். யூனிட்டின் எர்த் ஒயரிலும் வையுங்கள். இன்ஜின் ஓட, ஏ.சி.யும் ஹெட்லைட்டும் போட்டு, இன்னொருவர் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை வளைக்கட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. இதேபோல் பேட்டரி பாசிட்டிவ் கம்பத்துக்கும் யூனிட்டுக்கு வரும் தடித்த ஒயருக்கும் இடையே அளந்து 0.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால், ஃபியூஸ் தாங்கியையோ கனெக்டரையோ சந்தேகப்படலாம். வளைக்கும்போது அளந்தால்தான் பயன். சும்மா நிற்கும் வண்டியில் எல்லாம் சரியாகவே காட்டும்.

கடற்கரையில் நிற்கும் வண்டிக்கு எர்த் மீது கூடுதல் கவனம் வேண்டும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் உப்புக்காற்று போல்ட்டுக்கும் பாடிக்கும் நடுவில் புகுந்துவிடும். மேலே பார்த்தால் பளபளப்பாகவே இருக்கும், கழற்றினால் அடியில் வெள்ளைப் பொடி. முதலில் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் எர்த் பட்டைகளைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசுங்கள். ஜெல்லியைத் தொடுமுகத்துக்கு நடுவில் அள்ளி வைக்காதீர்கள். டெர்மினலில் பச்சைப் பூ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவலாம். கடப்புறத்து வண்டிகளுக்கு வருடம் இரண்டு முறை, தென்மேற்குப் பருவமழைக்கு முன்பும் வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகும், இதைச் செய்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஸ்கேனர் மட்டும் போதாது. ஸ்டியரிங் யூனிட்டுக்குள் நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். யு0131 என்ற கோடு (பிழைக் குறியீடு) வந்தால் ஸ்டியரிங் யூனிட்டோடு மற்ற யூனிட்களின் தொடர்பு அறுந்திருக்கிறது என்று பொருள். அதற்கும் மின்சாரம், எர்த், கனெக்டர் என்ற வரிசையில்தான் தேட வேண்டும். ஸ்டியரிங் இறுகும் அதே நேரத்தில் ஸ்பீடோமீட்டரும் செத்தால் வேக சென்சாரைப் பாருங்கள். டார்க் சென்சார் கோடு அழித்த பிறகும் திரும்பத் திரும்ப வந்தால் மட்டுமே காலம் பக்கம் போக வேண்டும்.

பழைய ஐ10. ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டினால் டக் டக் என்று கையில் தட்டுகிறது. ராக் (சக்கரங்களை இடமும் வலமும் தள்ளும் பல் தண்டு) போய்விட்டது என்கிறார்கள். – வாசகர், மார்த்தாண்டம்

ராக் மேல் பழி போடும் முன் ஒரு சோதனை. சாவியைப் போட்டு ஸ்டியரிங் பூட்டு விடுபட்ட நிலையில், இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் அதே அளவு ஆட்டிப் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு ஆட்டிப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது மட்டும் தட்டல் வந்தால் அது மோட்டார் பக்கம். மோட்டாருக்கும் அதன் வார்ம் கியருக்கும் நடுவில் நட்சத்திர வடிவில் ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் இருக்கும். வருடக்கணக்கில் வெயிலில் வெந்து அது பொடிந்துபோகும். உலோகமும் உலோகமும் நேரடியாக மோதும் சத்தம்தான் கையில் தெரிகிறது. பொருளின் விலை மிகக் குறைவு, கூலிதான் செலவு. பல வண்டிகளில் காலமைக் கீழே இறக்கினால்தான் அந்த இடம் கைக்கு எட்டும்.

இரண்டு நிலையிலும் தட்டினால் காலத்துக்குக் கீழே தேடுங்கள். ஒருவர் ஆட்ட, மற்றவர் காலமும் ராக்கும் சேரும் கீழ் ஜாயிண்ட், ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் என்று ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்த்தால் எது தட்டுகிறது என்று விரலே சொல்லிவிடும். வளைக்காமல் பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க்கோ ஸ்ட்ரட் மவுண்ட்டோதான்.

சத்தத்தை அடக்க ராக்கின் அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டை இறுக்கிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்குச் சம்மதிக்காதீர்கள். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் போகும். நெடுஞ்சாலையில் அது ஆபத்து.

காலமை இறக்குகிறவர் மூன்று விஷயங்களைச் செய்கிறாரா என்று பாருங்கள். பேட்டரியைக் கழற்றி மூன்று நிமிடமாவது காத்திருந்த பிறகே ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரைத் தொட வேண்டும். ஜாயிண்ட்டைப் பிரிக்கும் முன் இரு பக்கமும் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். ஜாயிண்ட் பிரிந்திருக்கும்போது ஸ்டியரிங் வீலைச் சுற்றவிடக் கூடாது; சுற்றினால் உள்ளே ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் பட்டையான கிளாக் ஸ்பிரிங் அறுந்து, ஹாரன் நின்று, ஏர்பேக் விளக்கும் எரியத் தொடங்கும்.

அலைன்மென்ட் செய்த பிறகும் வண்டி வலது பக்கம் இழுக்கிறது. இ.பி.எஸ். விளக்கு எரியவில்லை. – வாசகி, தக்கலை

முன் டயர்களின் காற்றை ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள அளவுக்குச் சரிசெய்துவிட்டு, இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பு இடது பக்கம் மாறினால் கோளாறு டயரில். ஒரு பக்கத்துக்கு மட்டுமே சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர்களை இப்படி மாற்றக் கூடாது.

மாறவில்லை என்றால் வொர்க்‌ஷாப்பில் இன்னொரு சோதனை செய்யலாம். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டு ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுங்கள். தானாக ஒரு பக்கம் சுழலத் தொடங்கினால் டார்க் சென்சாரின் பூஜ்ஜிய நிலை தவறியிருக்கிறது. சக்கரம் நேராக, வீலில் கை படாமல், ஸ்கேனர் வழியாக அதை மறுபடி பதிவுசெய்யலாம்.  ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார் உள்ள வண்டி என்றால் அதையும் சேர்த்துப் பதிவுசெய்யச் சொல்லுங்கள்.

பவர் ஸ்டியரிங் ஆயில் ஊற்றும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கே இருக்கிறது? – வாசகர், அருமனை

எலக்ட்ரிக் வகையில் ஆயிலே கிடையாது. 2010-இல் வந்த முதல் ஃபோர்டு ஃபிகோ ஹைட்ராலிக். அதில் டப்பா இருக்கும். 2015-இல் வந்த புது ஃபிகோ எலக்ட்ரிக். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறு. ஆல்ட்டோ 800-இன் அடிப்படை மாடல்களில் பவர் ஸ்டியரிங்கே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். அதில் ஸ்டியரிங் கனமாக இருப்பது கோளாறு அல்ல.

மலையோரத்தில் இருக்கிறோம். கேரளப் பதிவு எண் கொண்ட ஒரு ஸ்விஃப்ட் மலிவாக வருகிறது. ஸ்டியரிங் விஷயத்தில் என்னென்ன பார்க்க வேண்டும்? – வாசகர், குலசேகரம்

மலிவு ஏன் என்று முதலில் கேளுங்கள். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் வண்டிகள் மூழ்கின. அப்படி மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் இ.பி.எஸ். மோட்டார் டேஷ்போர்டுக்கு அடியில், பெடல்களுக்கு மேலே இருக்கிறது. அதன் கனெக்டர் பின்களில் ஏறிய துரு மாதக்கணக்கில் மெல்ல வேலை செய்யும். வாங்கி ஆறு மாதம் கழித்து வரும் கோளாறு அதுதான்.

டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வேறு சோதனையே வேண்டாம். சீட் தண்டவாள போல்ட், கார்பெட்டுக்கு அடியில் உள்ள தகரம், பெடல்களுக்கு மேலே உள்ள கனெக்டர்கள் ஆகியவற்றில் துருவோ பச்சைப் படிவோ தெரிந்தால் விலகிவிடுங்கள்.

பிறகு சாவியை ஆன் நிலையில் மட்டும் வையுங்கள். இ.பி.எஸ். விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியவில்லை என்றால் விளக்கை யாரோ முடக்கியிருக்கலாம். ஏ.சி.யையும் ஹெட்லைட்டையும் போட்டு, நின்ற இடத்தில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடிவரை மூன்று முறை வளையுங்கள். உதவி ஒரே சீராக வர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் கட்டியாகத் தெரிந்தால் கீழ் ஜாயிண்ட் துருப்பிடித்திருக்கலாம். மழை அதிகம் உள்ள உங்கள் பகுதியில் ஓடிய வண்டிகளிலும் அதைப் பார்க்கத் தவறாதீர்கள். மூன்றுக்கு மேல் போக வேண்டாம். தொடர்ந்து வளைத்துக்கொண்டே இருந்தால் மோட்டார் சூடேறி, நல்ல யூனிட்டும் தானாகவே உதவியைக் குறைத்துக்கொள்ளும்.

எந்தப் பழைய வண்டியானாலும் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு ரீகால் (கோளாறைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஜூலையில் எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகள் 87,599 ஸ்டியரிங் டை ராடுக்காகவும், 2024 ஆகஸ்டில் ஆல்ட்டோ கே10 வண்டிகள் 2,555 ஸ்டியரிங் கியர்பாக்ஸுக்காகவும் திரும்ப அழைக்கப்பட்டன. ரீகால் வேலைக்குப் பணம் வாங்க மாட்டார்கள். பழைய உரிமையாளர் செய்யாமல் விட்டிருந்தாலும் நீங்கள் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

விளக்கு எரியும்போது வண்டியை ஓட்டலாமா? – வாசகர், பேச்சிப்பாறை

ஸ்டியரிங் வீலுக்கும் சக்கரத்துக்கும் இடையே இரும்புத் தண்டு இருக்கிறது. உதவி நின்றாலும் வண்டி வளையும், ஆனால் பலம் வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வீட்டுக்கோ வொர்க்‌ஷாப்புக்கோ போகலாம். உங்கள் பகுதி மலை வளைவுகளில் அந்த நிலையில் போகாதீர்கள். வளைவின் நடுவில் உதவி வந்து வந்து போனால் கை கணக்குத் தவறும். பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம், உடனே ஓரம் கட்டுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டிப் போவது கூடவே கூடாது. பிரேக் பூஸ்டரும் கைவிட்டுவிடும்.

ஸ்டியரிங் காலம் நிஜமாகவே போய்விட்டது. உடைப்புக் கடையில் பழையது கிடைக்கிறது. வாங்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

வாங்கலாம், பார்ட் நம்பர் கடைசி எழுத்துவரை ஒத்துப்போனால். ஒரே மாடலிலும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் முன் பாரம் வேறு என்பதால் யூனிட்டின் செட்டிங்கும் வேறாக இருக்கலாம். காலம், மோட்டார், கன்ட்ரோல் யூனிட் மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுங்கள். கனெக்டர் பின்கள் மஞ்சளாகவோ வெள்ளியாகவோ பளிச்சென்று இருக்க வேண்டும். தண்டைக் கையால் சுற்றினால் கரகரப்பு இருக்கக் கூடாது. மாட்டிய பின் டார்க் சென்சார் பதிவு செய்து தருவது கூலியில் அடக்கம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் பழைய காலமைப் புதியது ஒரு மாதம் ஒழுங்காக ஓடும்வரை கடையில் விட்டுவிடாமல் கையில் வைத்திருங்கள். கன்ட்ரோல் யூனிட்டில் ரிலேயோ சால்டரிங்கோ மட்டும் விட்டிருந்தால் அதைப் பழுதுபார்த்துவிட முடியும்.