பின்கட்டு அறையில் தங்கச்சி

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

கேத்தி பக்கம் எங்களுக்குக் கேரட் தோட்டம். என் தங்கச்சிக்கு வயது 27. பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர் (மனசும் உறவும் ஒரு நிலையில் நிற்காத மனநோய்) என்று கோயம்புத்தூரில் சொல்லிவிட்டார்கள். காலையில் "உன்னை விட்டா எனக்கு யாருக்கா" என்பாள். மத்தியானம் போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் "நீயும் துரோகிதான்" என்பாள். கையைக் கீறிக்கொள்வாள். என் மாமியார் முன்னால் என் மானத்தை வாங்கினாள். பேசி வைத்திருந்த பையன் விலகியதும் உயிரை விடப் பார்த்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள், செலவெல்லாம் நாங்கள்தான். போன வாரம் கூட்டி வந்தோம். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று பின்கட்டு அறையில் தங்க வைத்திருக்கிறேன் (தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து ஒரு மூலையில் இருக்கும், மற்றபடி நல்ல அறை. ராத்திரி எழுந்து போய்க் கதவில் காது வைத்துக் கேட்டுவிட்டு வருவேன்). "சாகிறவ சொல்லிக்கிட்டா இருப்பா, எல்லாம் நாடகம்" என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இவ்வளவு செய்தும் நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. மாமியார் முன்னால் பேசியதை என்னால் மறக்கவே முடியவில்லை. இவளை எப்படித் திருத்துவது?

ஒரு அக்கா, நீலகிரி

அன்புச் சகோதரிக்கு,

மாமியார், மானம், நன்றி எல்லாம் பிறகு. முதலில் அந்த அறையில் இருக்கும் தோட்டத்து மருந்தை வீட்டை விட்டு வெளியேற்றுங்கள். வேறொருவர் இடத்தில் பூட்டி வைக்கட்டும், சாவியும் அவரிடமே இருக்கட்டும். அவள் சாப்பிடும் மாத்திரையும் வேளாவேளைக்கு உங்கள் கையால் கொடுங்கள். இந்த நோயில் சாகும் எண்ணம் பல நேரம் திடீரென்று கொதித்து எழும், பிறகு தணியும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் ஆபத்தானது எதுவும் இருக்கக் கூடாது.

நாடகம் என்று நம்புகிறவர் நடுராத்திரியில் எழுந்து போய்க் கதவில் காது வைப்பாரா? உங்கள் பயம்தான் சரி, உங்கள் வீட்டுக்காரர் சொல்வது தவறு. சொல்கிறவர்களும் செய்துகொள்கிறார்கள். ஏற்கெனவே ஒரு முறை முயன்றிருக்கிறாள், கையைக் கீறிக்கொள்கிறாள், நம்பியவன் போய்விட்டான், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிகவும் ஆபத்தானவை. மனச்சோர்வோ குடியோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை தற்கொலையில் இறப்பதாகப் பழைய ஆய்வுகள் சொல்லின. பிந்தைய ஆய்வுகளில் அது குறைவு, ஆனாலும் அலட்சியம் செய்யும் அளவு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். எல்லோரும் கைவிட்டுவிடுவார்கள் என்ற பயம்தான் இந்த நோயில் ஆளை ஆட்டிவைப்பது. நீங்கள் போனை எடுக்காத அந்த ஐந்து நிமிஷம் அவளுக்கு அப்படித்தான் இருக்கிறது. அவளைப் போய்ப் பின்கட்டில் ஒதுக்கியிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்காகச் செய்தீர்கள், சரி. அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பாள்? இன்று ராத்திரியே உங்கள் பக்கத்தில் படுக்க வையுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அவளுடைய டாக்டரை உடனே கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழில் பேசலாம்.

திருத்துவது பற்றிக் கேட்டீர்கள். டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற பேச்சுவழிச் சிகிச்சை இதற்கென்றே வந்தது. அதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹன், இளம் வயதில் தானும் சாகத் துடித்து மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். வருஷங்கள் போகப் போகப் பலர் தேறுகிறார்கள். அதுவரை உங்கள் மனக்குறைகளைக் கேட்கவும் ஒரு ஆள் வேண்டும். அடுத்த முறை அவளைக் கோவைக்குக் கூட்டிப்போகும்போது, உங்களுக்கென்று தனியாக அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.