கோலிசிஸ்டெக்டமியும் ஹைப்போவும்

அடுத்த மாதம் நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து வருகிறேன், கோலிசிஸ்டெக்டமி மாதிரி வார்த்தைகளை வார்டில் எப்படிச் சொல்வது, பொன்னி அரிசி கிடைக்குமா, குளிர் தாங்குமா என்று கேட்டிருக்கிறாய் தங்கச்சி. அரிசி கிடைக்கும், குளிருக்குப் போடும் கோட்டு இங்கே வந்து வாங்கிக்கொள். அதை விடு.

நாம் எல்லா அசையையும் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டு போவோம், இவர்கள் காதோ ஓங்கி வரும் ஒரு அசையைத்தான் தேடும். கோ-லி-சிஸ்-டெக்-டமி, இதில் 'டெக்' ஓங்கினால் மற்றது மழுங்கினாலும் புரிந்துகொள்வார்கள். பொருளுக்குப் பிரித்தால் கோலி பித்தம், சிஸ்ட் பை, எக்டமி வெட்டி எடுப்பது. 'ட்' மேல் 'எ' ஏறி 'டெ' ஆகிவிடுகிறது, பள்ளியில் படித்த புணர்ச்சிதான். எக்டமி என்று எது முடிந்தாலும் அழுத்தம் அங்கேதான். அப்பெண்டிசைட்டிஸ் மாதிரி 'ஐட்டிஸ்' என்று முடிவதற்கு 'சை' மாதிரி அந்த ஐகாரத்தில். நம் ஊர் பாராசிட்டமால்கூட இங்கே பாரா-சீ-டமால்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் ஹைப்போகிளைசீமியாவும் (ரத்தத்தில் சுகர் குறைவது) ஹைப்பர்கிளைசீமியாவும் (கூடுவது). இரண்டிலும் ஓங்குவது 'சீ', வித்தியாசம் இருப்பதோ அமுங்கிப்போகிற இடத்தில். போதாததற்கு இங்கிலாந்தில் பெரும்பாலோர் அந்த 'ர்'ரைச் சொல்வதே இல்லை, போனில் கேட்டால் ஹைப்போவா ஹைப்பவா என்று தடுமாறுவாய். அதனால் சுகர் குறைவா அதிகமா என்று வாய்விட்டுச் சொல், எண்ணையும் சேர்த்துச் சொல், அவர்கள் சொன்னால் திருப்பிச் சொல்லி உறுதி செய். சுகரை அளக்கும் அலகு வேறு என்பதால் எண்ணும் வேறு, நம் ஊர் 72 இங்கே 4, அதற்குக் கீழே போனால் ஹைப்போ. "பிஎம் என்ன?" என்று கேட்டால் விரலில் குத்திப் பார்க்கிற சுகர்.

நம்மவர்கள் சிலர் வந்த ஆறே மாதத்தில் 'வோட்டா' என்று தண்ணீர் கேட்பார்கள், டூட்டி மாறும்போது நோயாளி விவரம் ஒப்படைக்கிற ஹேண்டோவரில் வாயைத் திறந்தால் அதே தட்டையான ஒப்பித்தல். இந்த வேஷம் உனக்கு வேண்டாம். நான் இன்னும் திருநெல்வேலி இங்கிலீஷ்தான் பேசுகிறேன், அழுத்தம் சரியாக விழுவதால் எந்த டாக்டரும் "பார்டன்?" என்பதில்லை.

வந்த புதிதில் அப்படி இல்லை. சீனியர் ஒருத்தி எல்லார் முன்னாலும் நான்கு தரம் சொல்ல வைத்து வேடிக்கை பார்ப்பாள். கூட இருந்த பிலிப்பினோ அக்காதான் இரவு டூட்டியில் பிஸ்கட் டப்பாவைத் தட்டித் தட்டி எங்கே ஓங்க வேண்டும் என்று காட்டினார். காலையில் பஸ்ஸில் அதையே முணுமுணுத்துக்கொண்டு போவேன். ஜெபம் என்று நினைத்தாரோ என்னவோ, பக்கத்து சீட் பாட்டி இறங்கும்போது "காட் ப்ளெஸ் யூ" என்று என் கையைத் தட்டிவிட்டுப் போனார்.