வாசகர் கேள்வி - பதில்: டிரங்குப் பெட்டியில் இருந்த ரசீது

கேள்வி: சென்னையில் வேலை பார்த்தேன். ஐந்து மாதத்துக்கு முன் ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. கல்விக் கடனில் நான்கு தவணை நிற்கிறது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது ரேஷன் கார்டைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். என் கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்த எட்டுப் பவுனை, சம்பா நடவு சமயத்தில் அப்பா கூட்டுறவு சொசைட்டியில் அடகு வைத்த ரசீது இருந்தது. அவரும் சொல்லவில்லை. யார் முதலில் வாயைத் திறப்பது?
- பெயர் வேண்டாம், நீடாமங்கலம்

பதில்: நீங்கள்தான். சின்னவர் என்பதற்காக அல்ல. கல்விக் கடனில் பெற்றோர்தான் வழக்கமாக இணைக் கடன்தாரர். பத்திரத்தில் அப்பாவின் கையெழுத்தும் இருக்கும். தவணை தவறினால் இருவரின் சிபில் கடன் பதிவிலும் ஏறும். 90 நாள் தாண்டினால் வாராக்கடன். நான்கு தவணை என்றால் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டீர்கள். அடுத்து வங்கி நோட்டீஸ் தபாலில் வரும், அதுவும் ஊர் முகவரிக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கப்போகிறவர் அப்பா. உங்கள் வாயால் கேட்க வேண்டியதை அவர் தபால்காரர் முன்னால் நின்று படிக்கக் கூடாது.

பேசுவதற்கு முன் கடன் கணக்கு விவரத்தை வாங்கி, நிலுவை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். வேலையிலிருந்து விடுவித்த கடிதத்தின் நகலோடு, தவணையைத் தள்ளிவைக்கக் கோரி கிளை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் வேலையில்லாத காலத்துக்கு அப்படி ஒரு வழி உண்டு. வாய்ச்சொல்லாகக் கேட்டால் "பார்க்கலாம்மா" என்பதோடு முடிந்துவிடும்.

ரசீதைப் பார்த்ததையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் இன்னொரு ரகசியம் தொடங்கும். "என் நகையை ஏன் வச்சீங்க" என்று ஆரம்பித்தால் அவர் எழுந்து வயலுக்குப் போய்விடுவார். "அப்பா, ரசீதைப் பாத்துட்டேன். கெடு எப்போ?" என்றால் பதில் வரும். நெல் கொள்முதல் நிலையத்தில் குவிந்து கிடக்க, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று தள்ளிவிடுவார்களோ என்று தார்ப்பாயும் கையுமாக நிற்கிற மனிதரிடம் மட்டும் பேச்சை எடுக்காதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

அப்பா பெயரில் பயிர்க்கடன் இருந்தால், நெல் பணம் வந்ததும் அதை முதலில் அடைத்துவிடுங்கள். கூட்டுறவில் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. மிச்சம் நகைக்கு. முழுதாகத் திருப்பப் பணம் போதாவிட்டால் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்கலாம். கெடு தாண்டி அறிவிப்பு வந்தும் பேசாமல் இருந்தால்தான் நகை மூழ்கும். ஒரே ரசீதில் வைத்த நகையில் வளையலை மட்டும் கொடு என்றால் பெரும்பாலும் தரமாட்டார்கள். மறு அடகின்போது இரண்டு ரசீதாகப் பிரித்து வையுங்கள். கையில் பணம் வரும்போது ஒன்றையாவது மீட்கலாம். ரசீது அப்பா பெயரில் இருப்பதால் மீட்க அவர்தான் போக வேண்டும். எடுத்த இடத்திலேயே அதைத் திருப்பி வையுங்கள்.

கேள்வி: கடனை அடைக்க இரண்டு மா நிலத்தை விற்கப் போகிறேன். கட்டிக்கொடுத்த மகளுக்குத் தெரிய வேண்டாம் என்று பார்க்கிறேன். முடியுமா?
- ஒரு விவசாயி, பாபநாசம்

பதில்: அது கஷ்டம். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகனுக்குள்ள அதே உரிமை மகளுக்கும் பிறப்பால் உண்டு. கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் அது போகாது. உயில் எழுதாமல் காலமான தகப்பனாரிடமிருந்து 1956-க்குப் பிறகு வந்த நிலம் தனிச் சொத்தாகவும் கருதப்படலாம். மூலப் பத்திரத்தோடு வக்கீலைப் பாருங்கள். ஆனால் எதுவானாலும், வாங்குகிறவரின் வக்கீல் "மகளும் கையெழுத்துப் போடட்டும்" என்பார். சுயமாகச் சம்பாதித்தது என்றால் சட்டப்படி மகள் கையெழுத்து தேவையில்லை. ஆனால் கிரயம் பதிவானதும் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். சர்வே எண்ணைத் தட்டினால் பதிவுத்துறை இணையதளத்தில் யாரும் பார்க்கலாம், மாப்பிள்ளை உட்பட. முன்பணம் வாங்குவதற்கு முன்பே மகளுக்கு போன் போட்டு, கடன் எவ்வளவு, எந்த இரண்டு மா என்று சொல்லிவிடுங்கள்.