அண்ணாச்சி பதில்கள்: கல்லைப் பாக்க லண்டன் வரைக்குமா?

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகி): அண்ணாச்சி, மவன் லண்டன்ல இருக்கான், அடுத்த மாசம் நாங்க போறோம். ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டமும் அழகழகா நாலு கிராமமும் ஒரே நாள்ல காட்டுற பஸ் டூர் இருக்காம். எங்க வீட்டுக்காரரு, 'பொதிகை மலைல இல்லாத கல்லா'ங்காரு. போலாமா?

பதில்: போங்கக்கா, ஆனா மச்சான் சொல்லுததுலயும் பாதி நியாயம் இருக்கு. சாதாரண டிக்கெட்ல போனா கல்லுக்கிட்ட விடமாட்டாங்க, கயிறு கட்டிருக்கும், சுத்தி நடந்து பாக்கணும் அம்புட்டுதான். டிக்கெட் எடுக்குற எடத்துல இருந்து ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, ஷட்டில் பஸ் விடுதாங்க, அதனால முழங்கால் வலின்னு பயப்படாதிய. கதை தெரிஞ்சிட்டுப் போனாத்தான் ருசி. பெரிய கல்லு ஒண்ணொண்ணும் சராசரியா 25 டன், ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தள்ளி உள்ள காட்டுல இருந்து வந்தது, சின்னது வேல்ஸ் மலைல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல படுத்துக் கெடக்குற ஒரு கல்லு ஸ்காட்லாந்துல இருந்தே வந்ததுன்னு 2024லதான் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாங்க, அது 700 கிலோமீட்டர் தாண்டும். லாரியா கிரேனா, 4500 வருசத்துக்கு முந்தி எப்படித்தான் இழுத்தாங்களோ, பேராசிரியருவ இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க.

என்னைக் கேட்டா ஏவ்பரி போற டூரா பாத்துப் பிடிங்க. அதுவும் கல்வட்டந்தான், ஸ்டோன்ஹெஞ்ச் இருக்குற அதே வில்ட்ஷயர் மாவட்டந்தான், அதுக்கு வடக்கே. வட்டம் எம்புட்டுப் பெருசுன்னா உள்ளுக்குள்ளயே ஊரு, ரோடு, சாராயக்கடை எல்லாம் இருக்கு, ஆடு மேயும், கல்லைத் தொட்டுப் பாக்கலாம், பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கலாம், ஒருத்தரும் வெரட்டமாட்டாங்க. மச்சானுக்கு அதுதான் பிடிக்கும்.

கிராமம் ரெண்டுக்கு மேல வேண்டாம். நாலு ஊரு காட்டுதோம்னா ஒவ்வொண்ணுலயும் அரைமணி நேரந்தான், பாத்ரூம் தேடவே சரியாப் போயிரும். லேகாக் போதும், பழைய கல்வீடு, தலைக்கு மேல கரண்டு வயரு கிடையாது, போட்டோ கலையோட முன்னோடி டால்பட் 1835ல நெகட்டிவ் எடுத்த மாளிகையும் அங்கனதான்.

கேள்வி (பாளையங்கோட்டை வாசகர்): லண்டன் போக வக்கில்லாதவன் எங்க போவான் அண்ணாச்சி?

பதில்: திருச்செந்தூர் ரோட்டுல ஆதிச்சநல்லூர் போவும் வே. கல்வட்டம் இல்ல, முதுமக்கள் தாழி. 1876லயே ஜெர்மன்காரர் ஜாகர் வந்து தோண்டி அள்ளிட்டுப் போனாரு, பொறவு தொல்லியல் துறை அதிகாரி அலெக்சாண்டர் ரீ தோண்டினாரு. இப்போ தோண்டின குழிய அப்படியே விட்டு மேல கண்ணாடி போட்டுருக்காங்க, காலடியில தாழி தெரியும். போற வழியில கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பத்தையும் பாத்துரும், மத்தியானம் நடை சாத்திருவாங்க, காலையிலேயே கிளம்பும்.