ஒபிஸில் ஒருவருக்கு லெப்டொப்பும் டெஸ்க்டொப்பும் தேவையா?

கேள்வி: புறக்கோட்டையில் சரக்கு விடுவிப்பு வேலை செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. 22 பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் டெஸ்க்டொப் உண்டு. பாதிக்கு மேல் பழையவை. 2022 இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது வீட்டிலிருந்து வேலை செய்யச் சிலருக்கு லெப்டொப்பும் வாங்கிக் கொடுத்தோம். இப்போது மற்றவர்களும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் இரண்டையும் கொடுப்பதா, டெஸ்க்டொப்பை எடுத்துவிடுவதா என்று முதலாளி கேட்கிறார். என்ன சொல்வது?
– நிர்வாகப் பிரிவு ஊழியர், கொழும்பு 11

பதில்: இரண்டு யோசனையும் வேண்டாம். ஒருவருக்கு ஒரு கணினி போதும். வெளியே போகிறவருக்கும் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டியவருக்கும் லெப்டொப் கொடுங்கள். மேசையை விட்டு எழும்பாத வேலை என்றால் டெஸ்க்டொப். லெப்டொப் வைத்திருப்பவரின் மேசையில் ஒரு மொனிட்டர், கீபோட், மவுஸ் மூன்றும் நிரந்தரமாக இருக்கட்டும். "எனக்கு இரண்டும் வேணும்" என்பவர்களிடம் கொஞ்சம் பேசிப் பாருங்கள். பலருக்குத் தேவைப்படுவது பெரிய திரைதான், இரண்டாவது கணினி அல்ல.

இரண்டு கணினி கொடுத்தால் முதலில் குழம்புவது கோப்புகள். உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். டொகுமென்டேஷன் பிரிவில் ஒருவர் பின்னேரம் டெஸ்க்டொப்பில் ஒரு இன்வொய்ஸ் விபரத்தைத் திருத்தி, டி டிரைவில் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். இரவு வாடிக்கையாளர் கேட்டதும் லெப்டொப்பைத் திறக்கிறார். அதில் கிடப்பது முந்தாநாள் பிரதி. அதை வைத்து கஸ்டெக்கை (சுங்கப் பிரகடனத்தை) தயார் செய்து, காலையில் சுங்கத்தின் கணினி முறையான அசிகுடாவில் போட்டுவிட்டால், பிறகு திருத்தம் கேட்டுச் சுங்கத்துக்கு அலைய வேண்டியதுதான். இரண்டு தோணியில் கால் வைத்த கதை.

கோப்புகளை இணையத்தில் வைக்கும் வன்டிரைவில் எல்லாவற்றையும் போட்டால் இந்தத் தலையிடி குறையும், உண்மைதான். ஆனால் மின்னஞ்சலையும் பாருங்கள். சிறிய ஒபிஸ்கள் பலவற்றில் இன்னும் அவுட்லுக்கில் பொப் முறையில்தான் மெயிலை இறக்குகிறார்கள். பொப் முறையில் மெயில் எந்தக் கணினியில் இறங்கியதோ அங்கேயே தங்கிவிடும். சேர்வரில் பிரதி வைக்கும்படி அமைத்திருந்தாலும், நீங்கள் அனுப்பிய மெயில் மற்றக் கணினியில் தெரியாது. ஒருவரின் கடிதப் போக்குவரத்து இரண்டாகப் பிளந்து கிடக்கும். ஒரு கணினியோ இரண்டோ, மெயிலைச் சேர்வரிலேயே வைத்து எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரிக் காட்டும் ஐமெப் அல்லது மைக்ரோசொப்ட் 365 முறைக்கு மாறுவதை இனித் தள்ளிப் போடாதீர்கள்.

செலவு விலையோடு நிற்பதில்லை. மைக்ரோசொப்ட் 365 இல் ஒரே ஆள் 5 கணினி வரை போட்டுக்கொள்ளலாம் என்பதால் அங்கே இரட்டைச் செலவு இல்லை. அன்டிவைரஸ் பெரும்பாலும் கணினிக் கணக்கு. கணக்கு வைக்கும் மென்பொருள்கள் பலவும் அப்படித்தான். அலுமாரியில் மூன்று மாதம் தூங்கிய லெப்டொப்பை அவசரத்துக்கு எடுத்தால், அப்டேட் முடியும்வரை அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவசர காலத்துக்கென்று இரண்டாவது கணினி கொடுத்த பலன் அதிலேயே போய்விடும்.

பழைய டெஸ்க்டொப்களுக்கு வருவோம். விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 க்குப் பொதுவாக இன்டெல் 8 ஆவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய சிப்பும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் என்று போனால் சிப்பின் பெயர் தெரியும்: ஐ5-7400 என்றிருந்தால் 7 ஆவது தலைமுறை, ஐ5-8400 என்றால் 8 ஆவது. இந்த ஒரு எண்ணை 22 மேசைகளிலும் குறித்துக்கொண்டு வாருங்கள். யாருடைய டெஸ்க்டொப் எப்படியும் போக வேண்டியது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். முதலாளியிடம் பேசவும் அந்தப் பட்டியல் உதவும், ஏனென்றால் "லெப்டொப் கேட்கிறார்கள்" என்பதைவிட "இந்த இத்தனை கணினிகளை எப்படியும் மாற்றத்தான் வேண்டும்" என்பது அவர் காதில் வேறு மாதிரி விழும்.

இனி, யாருக்கு எது? கவுன்டரிலும் வரவேற்பிலும் டெஸ்க்டொப் போதும். கணக்குப் பிரிவுக்கும் அதுதான் நல்லது. மாத முடிவில் வீட்டிலிருந்து பார்க்க வேண்டியிருந்தால், ஒபிஸ் கணினியில் விண்டோஸ் புரோ போட்டு, விபிஎன் (ஒபிஸ் நெட்வேர்க்குக்குள் போகும் பாதுகாப்பான இணையப் பாதை) வழியாக, அந்தக் கணினியை வீட்டிலிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டொப்பில் நுழையலாம். விபிஎன் இல்லாமல் ரிமோட் டெஸ்க்டொப்பை நேரே இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரென்சம்வெயார்காரர்கள் தேடிவரும் வாசல் அது. டொகுமென்டேஷன், விற்பனைப் பிரிவுகளுக்கு லெப்டொப். துறைமுகத்துக்கும் யார்டுக்கும் ஓடும் வார்ஃப் கிளார்க்குகளுக்கு லெப்டொப்பைவிட நல்ல போன் உதவும். வீடியோ எடிட்டிங், கட்டட வரைபடம் மாதிரிக் கனமான வேலை இருக்கிற இடத்தில்தான் ஒருவருக்கு இரண்டும் நியாயம். உங்கள் ஒபிஸில் அப்படி யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. முதலாளிக்கே இரண்டும் வேண்டுமென்றால் கொடுத்துவிடுங்கள், அதில் வாதாட நான் வரமாட்டேன்.

லெப்டொப்காரரின் மேசையில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். லெப்டொப்பை மட்டும் வைத்து நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். பிறகு டெஸ்க்டொப்பைத் திரும்பத் தாருங்கள் என்று வந்து நிற்பார்கள். பழைய டெஸ்க்டொப் போனாலும் அதன் மொனிட்டரை எறியாதீர்கள். பின்னால் பாருங்கள்: நீல நிற, 15 ஊசி விஜிஏ துளை மட்டும் இருந்தால், எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் ஒரு சிறிய கன்வேர்ட்டர் போதும். புது மொனிட்டர் வாங்குவதானால் யூஎஸ்பி-சி உள்ளதாகப் பாருங்கள். ஒரே வயர் படத்தையும் கொண்டுபோகும், லெப்டொப்பையும் சார்ஜ் செய்யும். ஆனால் எல்லா யூஎஸ்பி-சி துளைக்கும் அந்த வேலை தெரியாது. விற்பவர் தலையாட்டினால் போதாது, கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், சார்ஜர். இரண்டாவது கணினி வாங்கும் காசில் ஒரு சிறு துண்டுக்கு இரண்டாவது சார்ஜர் வாங்கலாம். ஒன்று மேசையில் கட்டியபடி இருக்கட்டும், மற்றது பேக்கில். காலையில் "சார்ஜரை வீட்டில் விட்டுட்டு வந்துட்டேன்" என்ற பேச்சு இதோடு நிற்கும். எந்நேரமும் செருகியே இருக்கும் லெப்டொப்பில் சார்ஜை 80 வீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். டச்பேட் மேலே எழும்பி, மூடி சரியாக மூடாமல் போனால் பெட்டரி வீங்குகிறது என்று அர்த்தம். உடனே நிறுத்தி, திருத்தக் கொடுக்க வேண்டும்.

மின்வெட்டு வந்தால் லெப்டொப் தாங்கும் என்று ஒரு வாதம் இருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனது யாருக்கு மறக்கும்? 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டதும், அடுத்த நாட்களில் வெட்டு வந்ததும் அண்மைக் கதை. வாதம் சரிதான். ஆனால் ரௌட்டரும், கணினிகளை நெட்வேர்க்கில் இணைக்கும் சுவிட்ச் பெட்டியும் யூபிஎஸ்ஸில் இல்லாவிட்டால் லெப்டொப் உயிரோடு இருந்தும் அசிகுடாவுக்குள் போக முடியாது. அவை இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. டெஸ்க்டொப்பைச் சில நிமிடம் மட்டும் தாங்கும் ஒரு சாதாரண யூபிஎஸ், ரௌட்டரை அதைவிடப் பல மடங்கு நேரம் ஓட்டும். புது லெப்டொப்புக்கு ஓடர் கொடுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

லெப்டொப் வெளியே போனால் தொலையவும் செய்யும். 101 பஸ்ஸில் பின்னேர நெரிசலில் பேக்கை முதுகில் தொங்கவிட்டு வருகிறவர் எத்தனை பேர்! உள்ளே வாடிக்கையாளரின் இன்வொய்ஸ் மட்டுமா இருக்கும்? வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பொதிகளையும் நீங்கள் விடுவிப்பதானால் அவர்களின் பாஸ்போர்ட் பிரதிகளும் இருக்கும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கும் நிலையில் இதை அசட்டையாக விட முடியாது. விண்டோஸ் புரோ வாங்கி, தொலைந்தாலும் மற்றவர் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லொக்கரைப் போடுங்கள். மீட்புச் சாவியை அதே லெப்டொப்பில் சேமிக்காமல் ஒபிஸில் தனியே வையுங்கள். கொடுக்கும்போது சீரியல் இலக்கத்தோடு கையொப்பம் வாங்குங்கள். தொலைத்தால் சம்பளத்தில் வெட்டுவோம் என்று மட்டும் அந்தத் தாளில் அவசரப்பட்டு எழுதாதீர்கள். சம்பளக் கழிவுகளுக்குக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. தொழிற்சட்டம் தெரிந்த ஒருவரிடம் முதலில் கேளுங்கள்.

ஏற்கெனவே இரண்டும் வைத்திருப்பவர்களிடம் எதை வைத்துக்கொள்வது என்று அவர்களையே தெரிவு செய்ய விடுங்கள். சிலருக்கு லெப்டொப் ஒரு கௌரவம். வேறு சிலருக்கு, அது கையில் இருந்தால் இரவு 9 மணிக்கும் போன் வரும் என்ற பயம். அவர்கள் சந்தோஷமாகத் திருப்பித் தருவார்கள். அப்படித் திரும்பி வருவதில் நல்ல நிலையில் உள்ள இரண்டைப் பொதுவாக வையுங்கள். யாருடைய கணினி பழுதானாலும் அன்றைக்கே எடுத்துக் கொடுக்கலாம்.

புதிதாக வாங்குவதற்கு 16 ஜிபி ரெம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 14 அங்குலத் திரை உங்கள் வேலைக்குத் தாராளம். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கினால் விலை கொஞ்சம் இறங்கும். ஆனால் வொரன்டி உள்ளூர் முகவருடையதா, கடைக்காரருடையதா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். கணினிக்கு 3 வருடம் என்று சொன்னாலும் பெட்டரிக்கும் சார்ஜருக்கும் எத்தனை வருடம் என்று தனியாகக் கேளுங்கள். பெரும்பாலும் அது குறைவாகத்தான் இருக்கும்.